ரெட் டீம் பயிற்சியில் யாருக்கு என்ன பொறுப்பு? தாக்குபவர், தடுப்பவர், நடுவில் மூன்று பேர்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: “எங்கள் கம்பெனியில் ரெட் டீம் பயிற்சி வைக்கப்போகிறார்களாம். வெளியாட்கள் வந்து எங்கள் சிஸ்டத்துக்குள் நுழைந்து பார்ப்பார்களாம். ரெட், ப்ளூ, வொயிட், பர்ப்பிள் என்று ஏதேதோ சொல்கிறார்கள். இதில் யாருக்கு என்ன வேலை? நான் எந்தப் பக்கம் இருப்பேன்?”

தம்பி, பதில் கொஞ்சம் நீளம். ஆனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாக்குபவர்கள் ரெட் டீம், தடுக்கும் உங்கள் ஆட்கள் ப்ளூ டீம், நடுவே இருந்து பயிற்சியை மேற்பார்ப்பவர்கள் வொயிட் டீம். எல்லோருக்கும் ரெட் டீம் மேல்தான் கண். ஹேக்கர் வருகிறான், பாஸ்வேர்டை எடுக்கிறான் என்ற பரபரப்பு அங்கேதான் இருக்கிறது. பயிற்சி உருப்படுவதும் வீணாவதும் மட்டும் வொயிட் டீம் கையில். மூன்று நான்கு பேர் கொண்ட அந்தச் சின்னக் குழு சரியாக அமையாவிட்டால், ரெட் டீம் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு தடிமனான ரிப்போர்ட்டும் ஒரு பில்லும்தான்.

சிஸ்டத்தில் ஓட்டைகளைத் தேடும் வி.ஏ.பி.டி. சோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஆடிட்டர் வருவார், ஐ.பி. பட்டியல் வாங்குவார், ஸ்கேன் போடுவார், ஓட்டைகளை எக்செல் ஷீட்டில் தந்துவிட்டுப் போவார். அவர் வருவது ஆபீஸ் முழுக்கத் தெரியும். ரெட் டீம் கேட்பது வேறு கேள்வி. ஒரு குறிப்பிட்ட காரியத்தை முடித்தே தீருவது என்று ஒருவன் வந்தால் உங்கள் ஆட்கள் அவனைக் கவனிப்பார்களா, கவனித்தபின் என்ன செய்வார்கள்? சர்வரோடு சேர்த்து நைட் ஷிப்டில் இருக்கும் பையனும், அவன் போன் செய்தால் எடுக்க வேண்டிய மேனேஜரும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் சோதிக்கப்படுகிறார்கள். மனிதர்களைச் சோதிப்பதால்தான் யார் எதற்குப் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, வொயிட் டீமிலிருந்தே தொடங்குவோம். வங்கிகளுக்காக ஐரோப்பிய மத்திய வங்கி 2018-ல் கொண்டுவந்த டைபர் என்ற ரெட் டீம் வழிமுறையில் வொயிட் டீம் என்றிருந்ததை இப்போது கன்ட்ரோல் டீம் என்கிறார்கள். பயிற்சி நடக்கிறது என்ற விஷயம் கம்பெனிக்குள் இவர்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். உங்கள் அளவிலான கம்பெனிக்கு மூன்று பேர் போதும். ஐ.டி. அல்லது செக்யூரிட்டி தலைவர் ஒருவர். எம்.டி. சார்பில் “சரி” என்றும் “நிறுத்து” என்றும் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர். மூன்றாவது ஆள், யார்டு ஆபரேஷன்ஸிலிருந்து ஒருவர். வக்கீல் வெளியில் இருந்தால் போதும், போனில் கிடைக்க வேண்டும்.

பெரும்பாலான கம்பெனிகள் விட்டுவிடுவது அந்த மூன்றாவது ஆளைத்தான். எந்தக் கப்பலுக்கு எப்போது கட்-ஆஃப், எந்த நேரத்தில் கேட்டில் வண்டி குவியும் என்பது அவருக்குத்தான் தெரியும். ரெட் டீம் ஆள் ஒருவர் அறியாமல் கேட் சர்வரைத் தொட்டு, அது அரைமணி நேரம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்லர்கள் ரோட்டில் நிற்கும், டிராஃபிக் போலீஸ் வந்து நிற்கும், அடுத்த வருஷம் இந்தப் பயிற்சிக்கு எம்.டி. பணம் தரமாட்டார். தேதி குறிப்பதும் அந்த ஆபரேஷன்ஸ் ஆள் வேலை. மாதக் கடைசி வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்ம பக்கம் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர், திருவொற்றியூர் எப்படிக் கிடந்தன என்று பார்த்தோமே. வெள்ளத்தில் ஜெனரேட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஆளிடம் போய், அலர்ட் வந்ததே ஏன் பார்க்கவில்லை என்று கேட்க முடியாது.

வொயிட் டீமின் அடுத்த வேலை, ரெட் டீம் எதை அடைந்தால் ஜெயித்ததாகக் கணக்கு என்று தீர்மானிப்பது. இங்கேதான் பலரும் சோம்பேறித்தனம் செய்கிறார்கள். “டொமைன் அட்மின் எடுத்துக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். நெட்வொர்க் முழுவதையும் ஆளும் கணக்கு அது. டெக்னிக்கல் ஆட்களின் பெருமைக்கான இலக்கு, அது போனால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்பது எம்.டி.க்குப் புரியாது. உங்கள் தொழிலுக்கு ஏற்ற இலக்கு வேண்டுமென்றால் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2011-லிருந்து 2013 வரை போதைப்பொருள் கும்பல் ஒன்று ஹேக்கர்களை வைத்து கன்டெய்னர் டெர்மினல் கம்பெனிகளின் சிஸ்டத்துக்குள் நுழைந்தது. சரக்கு ஒளித்துவைத்த கன்டெய்னர் எங்கே இருக்கிறது, அதை வெளியே எடுக்க என்ன கோடு வேண்டும் என்று தெரிந்துகொண்டு, உண்மையான சொந்தக்காரர் வருவதற்கு முன் வண்டி அனுப்பி எடுத்துப் போனார்கள். முதல் வழி அடைபட்டதும் ஆபீஸுக்குள்ளேயே ஆள் புகுந்து, கீபோர்டில் தட்டுவதைப் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்தினார்கள். உங்கள் யார்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

ஆக, இலக்கை இப்படி எழுதலாம்: முறையான டெலிவரி ஆர்டர் இல்லாத ஒரு கன்டெய்னருக்கு சிஸ்டத்தில் கேட் பாஸ் வரவைக்க வேண்டும். நிஜ கன்டெய்னரைத் தொடக்கூடாது. பயிற்சிக்கென்றே ஒரு போலி எண்ணை ஆபரேஷன்ஸ் ஆள் முன்கூட்டியே பதிந்து வைப்பார், ரெட் டீம் அந்த ஒன்றின் மேல்தான் கைவைக்கலாம். எடை மேடைக் கணினிக்குள் நுழைய முடிகிறதா என்று பார்க்கலாம், எடையை மட்டும் மாற்றக்கூடாது. கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதிப்படி 2016 ஜூலை 1 முதல் எடை சரிபார்க்காத கன்டெய்னர் கப்பலில் ஏறக்கூடாது. தப்பான எடை ஒன்று கப்பல்வரை போய்விட்டால் அது பயிற்சிக் கணக்கில் சேராது.

அப்புறம் அனுமதி. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 43, உரிமையாளர் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைத்தான் தவறு என்று சொல்லி இழப்பீடு கட்டச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்றாண்டு சிறைவரை போகும். அரசு பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அறிவித்தவற்றில் கைவைத்தால் பிரிவு 70, பத்தாண்டு வரை. ரெட் டீம் ஆளுக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருப்பது அந்த அனுமதிக் கடிதம் ஒன்றுதான். அதில் கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அனுமதியைத் தரும் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது வொயிட் டீமின் பொறுப்பு.

உரிமை இல்லாதவர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. 2019 செப்டம்பரில் பாதுகாப்புச் சோதனை செய்யும் கோல்ஃபயர் கம்பெனியின் கேரி டிமெர்குரியோ, ஜஸ்டின் வின் என்ற இருவர் அயோவா மாநிலத்தின் டல்லஸ் கவுன்ட்டி நீதிமன்றக் கட்டடத்துக்குள் நள்ளிரவில் நுழைந்தார்கள். அலாரம் அடித்தது, போலீஸ் வந்தது, கடிதத்தைக் காட்டினார்கள். வேலை கொடுத்தது மாநில நீதித்துறை நிர்வாகம். கட்டடமோ கவுன்ட்டிக்குச் சொந்தம். “எங்கள் கட்டடத்துக்கு அனுமதி தர அவர்கள் யார்?” என்று கேட்டுவிட்டு ஷெரிஃப் இருவரையும் உள்ளே தள்ளினார். திருட்டு வழக்கு போட்டார்கள். 2020 ஜனவரி கடைசியில்தான் வழக்கைக் கைவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த இருவரும் ஒப்பந்தத்தில் இருந்த வேலையைத்தான் செய்தார்கள்.

இதை உங்கள் யார்டுக்குப் பொருத்திப் பாருங்கள். நிலம் யாருடையது, வாடகையா? செக்யூரிட்டி ஏஜென்சி யாருடையது? சர்வர் எந்த க்ளவுடில் இருக்கிறது, அந்த க்ளவுட் கம்பெனியின் சோதனை விதி என்ன? ஷிப்பிங் லைனின் போர்ட்டலில் உங்களுக்கு லாகின் இருக்கலாம், அதைத் தாக்க உங்கள் எம்.டி. அனுமதி தர முடியாது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் போர்ட்டலும் அப்படித்தான், அந்தப் பக்கமே போகக்கூடாது. தொடக்கூடாதவற்றின் பட்டியல், தொடலாம் என்பதைவிட நீளமாக இருந்தால் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்வேன். கடிதத்தில் இரண்டு போன் நம்பர் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கிறார்களா என்று பயிற்சிக்கு முன் ஒருதடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நடக்கும்போது வொயிட் டீமுக்கு ஒரு நுட்பமான வேலை இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி, சைபர் சம்பவம் ஒன்றைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ப்ளூ டீமுக்கு இது பயிற்சி என்று தெரியாது. அவர்கள் ஒழுங்கான ஆட்களாக இருந்தால் ரிப்போர்ட் எழுதத் தொடங்கிவிடுவார்கள், வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவார்கள், போலீஸுக்கும் போன் போகும். ஆகவே அந்தத் தகவல் மேலே ஏறும் பாதையில் வொயிட் டீம் ஆள் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் அலர்ட்டிலேயே “விடுப்பா, பயிற்சிதான்” என்று சொல்லிவிட்டால் பார்க்க வந்ததைப் பார்க்காமலே போய்விடுவோம். ரிப்போர்ட்டை எழுதவிட வேண்டும், கையெழுத்து வாங்க ஓடவிட வேண்டும், அனுப்பும் பட்டனை அழுத்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வராது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைவிட இதைப் பாருங்கள் என்பேன்.

நிறுத்தும் சொல் ஒன்றும் முன்பே பேசிவைக்க வேண்டும். நிஜத் தாக்குதல் ஒன்று குறுக்கே வந்தால், யாருக்காவது ஆபத்து என்றால், வேலை நின்றுபோனால், வொயிட் டீமில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் ரெட் டீம் கையை எடுத்துவிட வேண்டும். விவாதம் எல்லாம் அப்புறம். துறைமுகத்துக்குள் கப்பலை பைலட்தான் கொண்டுவருகிறார், ஆனால் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான், வேண்டுமென்றால் குறுக்கிடும் உரிமையும் அவருக்குத்தான். ரெட் டீமுக்கும் வொயிட் டீமுக்கும் இருக்கும் உறவு அதுதான்.

நடுநிலையும் வொயிட் டீமின் பொறுப்பே. 2002-ல் அமெரிக்க ராணுவம் மில்லேனியம் சேலஞ்ச் என்று பெரிய போர்ப் பயிற்சி ஒன்றை நடத்தியது. எதிரிப் படையை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர். ரேடியோவை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்து மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பித் தகவல் சொன்னார், சின்னப் படகுகளையும் ஏவுகணைகளையும் வைத்து 16 கப்பல்களை மூழ்கடித்துவிட்டார், கணக்கில்தான். பயிற்சியை நடத்தியவர்கள் மூழ்கிய கப்பல்களை மிதக்கவைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கி, அவர் கையையும் கட்டிப்போட்டார்கள். அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். நம்ம கம்பெனிகளிலும் இது நடக்கும். முதல் வாரத்திலேயே ரெட் டீம் இலக்கைத் தொட்டுவிட்டால், “அந்த சர்வரை ஸ்கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா?” என்று மேலிருந்து ஒரு குரல் வரும். முடியாது என்று சொல்லும் தைரியம் வொயிட் டீமுக்கு வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. மூன்று வாரமாக வாசலிலேயே ரெட் டீம் மாட்டிக்கொண்டு நின்றால், சாதாரண ஊழியர் லாகின் ஒன்றைக் கொடுத்து உள்ளே விடலாம், ரிப்போர்ட்டில் அதை எழுதிவிட வேண்டும். நிஜ எதிரிக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு, உங்கள் பயிற்சிக்குச் சில வாரம்தான் என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இனி ரெட் டீம். பெரிய இடங்களில் எட்டு பத்துப் பேர் இருப்பார்கள். உங்களுக்கு வருவது இரண்டு மூன்று பேராக இருக்கும், ஒருவரே நாலு வேலை பார்ப்பார். லீட் என்று ஒருவர் இருப்பார். ஆபத்தான எந்த அடியையும் வைக்கலாமா என்று முடிவெடுப்பதும், வொயிட் டீமோடு பேசுவதும் அவர் மட்டும்தான். நேரடியாக நுழைந்து நகர்பவர்கள் ஆபரேட்டர்கள். இணைய டொமைன் வாங்குவது, உள்ளே நுழைந்த கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் சர்வர் அமைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் கலைப்பது இன்ஃப்ரா ஆள் வேலை. ஆன்டிவைரஸுக்குத் தெரியாதபடி கருவி எழுதுபவர் ஒருவர், தகவல் திரட்டுபவர் ஒருவர். வங்கிப் பயிற்சிகளில் இந்தக் கடைசி வேலையைத் தனிக் கம்பெனியிடமே கொடுத்துவிடுகிறார்கள், எந்த மாதிரி எதிரி உங்களைக் குறிவைப்பான் என்று அவர்கள் எழுதித் தருவதைத்தான் ரெட் டீம் நடித்துக் காட்டும்.

இதில் யாரும் ஆசைப்படாத, ஆனால் ரொம்ப மதிப்புள்ள வேலை, குறிப்பு எழுதுவது. எந்த நேரம், எந்த ஐ.பி.யிலிருந்து, எந்தக் கணினியில், என்ன கட்டளை, என்ன விளைவு என்று ஒவ்வொரு அசைவும் பதிவாக வேண்டும். ஏன் இவ்வளவு கறார்? மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, கணக்குப் பிரிவுக் கணினியில் சந்தேகமான புரோகிராம் ஓடுவதை ப்ளூ டீம் கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “நம்ம ஆள்தானே?” என்று வொயிட் டீம் ரெட் லீடைக் கேட்கிறது. “அப்படித்தான் நினைக்கிறேன்” என்ற பதில் அந்த இடத்தில் விஷம். நிஜமான கொள்ளைக்காரன் ஒருவன் பயிற்சியின் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். குறிப்பைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் ஆமாம், இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். இல்லை என்றால் பயிற்சி அங்கேயே நிற்கும், ரெட் டீம் ஆட்கள் நிஜ விசாரணைக்கு உதவுவார்கள். இரண்டு பக்கக் கடிகாரமும் ஒன்றாக ஓடுவது இதற்கு அவசியம். அதே 2022 உத்தரவு, அரசின் என்.ஐ.சி. அல்லது என்.பி.எல். நேர சர்வரோடு கணினிகளின் நேரத்தைச் சேர்த்துவைக்கச் சொல்கிறது, கணினிகளில் நடப்பதன் பதிவுகளான லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. உங்கள் யார்டில் சிசிடிவி பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கருவிகளைப் பத்திரமாக வைப்பதும், உருவாக்கிய கணக்குகள், போட்ட ஃபைல்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு நீக்குவதும் ரெட் டீம் பொறுப்பு. ஃபயர்ஐ போன்ற பெரிய சைபர் பாதுகாப்புக் கம்பெனியிடமிருந்தே அவர்களுடைய ரெட் டீம் கருவிகள் திருடுபோனதாக 2020 டிசம்பரில் அவர்களே அறிவித்தார்கள். உங்களுக்கு வரும் வெண்டர், உங்கள் பாஸ்வேர்டுகளும் ஸ்கிரீன்ஷாட்களும் எந்த லேப்டாப்பில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் தரவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆள் ஏமாற்றும் பகுதிக்கு ஒரு எல்லை போட வேண்டும். “டெலிவரி ஆர்டர் திருத்தப்பட்டது, இணைப்பைப் பார்க்கவும்” என்று ஷிப்பிங் லைன் பெயரில் மெயில் அனுப்பலாம், தினமும் வருவதுதான். ஏ.சி. சர்வீஸ் என்றும் சிசிடிவி ரிப்பேர் என்றும் சொல்லிக்கொண்டு கேட்டுக்குள் வரலாம். தீபாவளி போனஸ் என்று மெயில் அனுப்பக்கூடாது. கோடாடி நிறுவனம் 2020 டிசம்பரில் 650 டாலர் பண்டிகை போனஸ் என்று ஊழியர்களுக்குச் சோதனை மெயில் அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டது. சம்பளம், வேலைநீக்கம், வீட்டில் உடம்பு சரியில்லை, இந்த மூன்றும் வேண்டாம். ஏமாந்தவர் பெயர் ரிப்போர்ட்டில் வரவே கூடாது. கேட்டில் நிற்கும் அண்ணன் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஏஜென்சி சம்பளத்துக்கு நிற்பவர். அவர் ஒருவரை உள்ளே விட்டார் என்பதற்காக அவர் வேலை போனால், அடுத்தமுறை நிஜமாகவே சந்தேகப்படும்போது யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

ப்ளூ டீம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர்கள் புதிதாக எதுவும் செய்யக்கூடாது. சாக் எனும் கண்காணிப்பு மையத்தில் அலர்ட் பார்ப்பவர், அதை ஆராய்பவர், சர்வர் அட்மின், நெட்வொர்க் ஆள், சம்பவம் என்று முடிவான பின் பொறுப்பெடுக்கும் ஒருவர். எல்லோரும் வழக்கமான வேலையை வழக்கம்போலப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னவர் மட்டும் பல கம்பெனிகளில் இருக்கவேமாட்டார். சர்வரைக் கழற்றலாமா என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற மால்வேர் வந்து மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியபோது மும்பை ஜே.என்.பி.டி. துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினலும் நின்றது. அந்த மாதிரி நாளில் யாரைக் கேட்பது என்று தேடுவதற்கு நேரம் இருக்காது. யார் முடிவெடுப்பது என்ற ஓட்டையைப் பயிற்சி வெளிக்காட்டினாலே செலவழித்த காசு தேறிவிடும்.

பர்ப்பிள் என்பது தனிக் குழு கிடையாது, ரெட்டும் ப்ளூவும் ஒரே மேஜையில் உட்காரும் கட்டம். பயிற்சி முடிந்ததும் ரெட் டீமின் குறிப்பையும் ப்ளூ டீம் பதிந்த சம்பவ டிக்கெட்டுகளையும் நேரவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். 11:40-க்கு ரெட் டீம் பாஸ்வேர்ட் எடுத்தது. அந்த நேரத்தில் லாக் வந்ததா? வந்தது. அலர்ட் ஆனதா? இல்லை. ஏன்? விதி எழுதப்படவில்லை. யார் எழுதுவது, எந்தத் தேதிக்குள்? எழுதிய பின் ரெட் டீம் அதே வேலையை மறுபடி செய்து காட்ட வேண்டும், அலர்ட் வருகிறதா என்று எல்லோரும் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்வதெல்லாம் இந்த ஒன்றிரண்டு நாளில்தான் நடக்கிறது. காசு மிச்சம்பிடிக்க முதலில் வெட்டப்படுவதும் இதுவேதான், என்ன செய்ய.

நம்ம பக்கத்துக்கு என்று ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். உங்கள் நண்பர்கள் சிலர் மணலி ரிஃபைனரியிலோ அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலோ இருக்கலாம். வால்வையும் பாய்லரையும் இயக்கும் கணினிகள் இருக்கும் இடங்களில் பொறுப்புப் பிரிவினையே மாறும். வொயிட் டீமில் கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர் கட்டாயம், நிறுத்து என்பதில் அவர் சொல்தான் கடைசி. ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து கன்ட்ரோல் நெட்வொர்க்கின் வாசல்வரை போக முடிகிறது என்று காட்டினால் போதும், வாசலைத் தாண்டக்கூடாது. மீதியை ஒரு அறையில் உட்கார்ந்து வாயால் பேசியே ஓட்டலாம். 2019-ல் கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் மால்வேர் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டில்தான் ரெட் டீம் நிற்க வேண்டும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நாம் மறக்கவில்லை. அதற்கும் ஹேக்கிங்கிற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்தில் பயிற்சி என்ற பெயரில் ஒரு பொய் அலாரம்கூட அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

கடைசியாக, நீங்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி. சாதாரணமாக யார்டு ஐ.டி. ஆள் ப்ளூ டீம்தான். ஆனால் தம்பி, பயிற்சி வரப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டதே. இனி நீங்கள் ஒவ்வொரு மெயிலையும் இரண்டு தடவை பார்ப்பீர்கள், ஏ.சி.காரரை அடையாள அட்டை கேட்பீர்கள். வாழ்த்துகள், ஆனால் உங்களை வைத்து அளந்தால் அளவு தப்பும். முதலில், உங்களுக்கு இதை யார் சொன்னார்கள் என்று யோசியுங்கள். மேலதிகாரி உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார் என்றால் உங்களை வொயிட் டீமில் சேர்க்க நினைக்கிறார். அப்படியானால் யார்டு பற்றிய விவரங்களை நீங்கள் தருவீர்கள், பக்கத்து சீட் நண்பர் ராத்திரி முழுக்க லாக்கைத் தேடி அலைந்தாலும் வாய் திறக்காமல் இருப்பீர்கள். அது சுலபமில்லை, முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள். டீக்கடையில் காதில் விழுந்தது என்றால் ஆபீஸ் முழுக்கத் தெரியும் என்று அர்த்தம், ரகசியப் பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது. அப்போது உங்கள் ஐ.டி. தலைவரிடம் போய் நேராகச் சொல்லுங்கள்: ஒன்று, சில மாதம் தள்ளிப்போட்டு, தேதி தெரிந்தவர் மூன்று பேருக்கு மேல் இல்லாதபடி மறுபடி திட்டமிடலாம். இல்லையென்றால் ஒளிவுமறைவை விட்டுவிட்டு, வெண்டரிடம் பேசி இதை முழுக்க பர்ப்பிள் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத்தான் கேட்பேன். முதன்முறை செய்யும் கம்பெனிக்கு அது செலவும் குறைவு, ரெட் டீம் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன செய்தேன் என்று காட்டும்போது உங்கள் நைட் ஷிப்ட் பையனும் கூடவே பார்ப்பான்.